சமுத்திரப்பச்சை: இலையில் மருந்து, விதையில் மயக்கம்

வேலியில் படர்ந்து கிடக்கும் ஒரு கொடியைப் பற்றிக் குடும்ப மாத இதழொன்றில் இத்தனை பக்கங்கள் எழுத வேண்டுமா என்று வாசக அன்பர்கள் வினவக்கூடும். சில மாதங்களுக்கு முன்பு வரை நானும் அவ்வாறே வினவியிருப்பேன்.

ஒரு நாள் மஃரிபுத் தொழுகைக்குப் பின் எங்கள் தெருவைச் சேர்ந்த சகோதரி ஒருவர் வீட்டுக்கு வந்தார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த சிறு பொட்டலமொன்றை அவிழ்த்து மேசைமீது வைத்தார். வெளியூரில் தங்கிப் படிக்கும் மகன் விடுமுறைக்கு வந்திருக்கிறான். அவனுடைய துணிகளைத் துவைக்க எடுத்தபோது சட்டைப்பையில் இது இருந்ததாம். உள்ளே கொண்டைக்கடலையைவிடச் சற்றுச் சிறிய, பழுப்பு நிற விதைகள் சில. அவற்றின்மேல் பூனைமயிர் போல மெல்லிய உரோமம். பொட்டலத்தின்மீது ஆங்கிலத்தில் ஹவாய்த் தீவின் பெயரும் ரோஜாவின் பெயரும் அச்சிடப்பட்டிருந்தன.

"காக்கா, தபாலில் வரவழைத்த ரோஜா விதை என்கிறான். ரோஜாவுக்குப் பதியன்தானே போடுவோம்? விதை போட்டு யார் வளர்க்கிறார்கள்? நீங்கள் செடி கொடிகளை அறிந்தவர், பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

அந்தத் தாயின் ஐயம் சரியானதே. அவை ரோஜாவின் விதைகள் அல்ல. அதைவிட வியப்பு என்னவென்றால், அவை ஹவாயிலிருந்து வர வேண்டிய தேவையும் இல்லை. அதே கொடி அந்தச் சகோதரியின் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், தென்னந்தோப்பின் வேலியில் பல்லாண்டுகளாகப் படர்ந்து கிடக்கிறது. நம்மவர்கள் அதனைச் சமுத்திரப்பச்சை என்பர். கடற்பாலை, சமுத்திரப்பாலை என்ற பெயர்களும் உண்டு.

இருபுறமும் இரு குணம்

ஒருமுறை பார்த்தவர் மறக்க முடியாத கொடி இது. இளங்கொடி பசுமையாயிருக்கும், முதிர முதிர மரம்போல் வைரமேறி, கைத்தடி பருமனுக்குத் திரண்டு, பெரிய மரங்களையும் சுற்றி ஏறிவிடும். இலை இதய வடிவினது. முதிர்ந்த இலையொன்று சாப்பாட்டுத் தட்டையே மறைக்கும். அதன் மேற்புறம் வழவழப்பான பச்சை. திருப்பிப் பார்த்தால் பட்டுத்துணி போல் வெண்மையான உரோமம் படர்ந்து வெள்ளியாய் மின்னும். தாவரவியலார் இக்கொடிக்கு வைத்த 'ஆர்கைரியா' என்ற பெயரே வெள்ளி என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். பூ இளஞ்செந்நீலம், புனல் வடிவம். பூ உதிர்ந்தபின் உருண்டைக் காய் உண்டாகி, அதைச் சூழ்ந்த புல்லிகள் காய்ந்து இறுகி விரியும். அது மரத்தில் செதுக்கிய சிறு ரோஜாவைப் போலத் தோன்றுவதால் அயல்நாட்டார் இட்ட பெயரில் ரோஜா புகுந்தது. யானைக்கொடி என்பதும் ஆங்கிலேயர் வழங்கிய பெயர்களுள் ஒன்று.

சிறுவயதில் எனக்குத் தொடையில் கட்டி வந்தபோது எங்கள் உம்மா இந்த இலையைப் பறித்து வரச் சொல்வார்கள். கட்டி பழுத்து உடைய வேண்டுமானால் வெண்பட்டுப் புறம் உடலில் படும்படி இலையை வைத்துக் கட்டுவார்கள். உடைந்து சீழ் வெளியேறியபின் இலையைத் திருப்பி, வழவழப்பான பச்சைப்புறம் புண்மேல் படும்படி வைப்பார்கள். ஒரே இலை, ஒருபுறம் பழுக்க வைக்கிறது, மறுபுறம் ஆற்றுகிறது என்பது அவர்களின் உறுதியான நம்பிக்கை. ஏதோ கிராமத்து வழக்கம் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். பின்னாளில் இந்திய மூலிகை நூல்களைப் புரட்டியபோது இதே முறை பல பகுதிகளிலும் வழங்கியது தெரிந்தது. இந்தி பேசும் மக்கள் இக்கொடிக்குப் 'புண் இலை' என்று பொருள்படும் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

வேரையும் வைத்தியர்கள் விட்டுவைக்கவில்லை. ஆயுர்வேதத்தில் விருத்ததாரு என்னும் பெயரால் மூட்டுவாதத்துக்கும் உடல் தளர்ச்சிக்கும் இது சொல்லப்படுகிறது. சந்தையில் அதே பெயரில் வேறு கொடிகளின் வேரும் விற்கப்படுவதுண்டு. சமுத்திரப்பழம் என்பது வேறொரு மரத்தின் காய். பெயர் ஒத்திருப்பதால் இதனோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. நாட்டுமருந்துக் கடையில் பெயரை மட்டும் சொல்லி வாங்கி வந்து, யாரோ சொன்னார் என்று கஷாயம் வைத்துக் குடிப்பது ஆகாது. நம் வீடுகளில் இப்பழக்கம் சற்று அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நல்ல குடும்பத்துப் பிள்ளை

இக்கொடி பிறந்த குடும்பம் நம் அடுக்களைக்கு நெருக்கமானது. சர்க்கரைவள்ளிக் கிழங்கு இக்குடும்பத்தது. குளத்தில் படரும் வள்ளைக்கீரையும், விஷ்ணுகிரந்தியும் அவ்வாறே. கடற்கரை மணல்மேட்டை அரித்துப் போகாமல் பிடித்து வைக்கும் அடம்பங்கொடியும் இதன் உறவுதான். சங்கப் புலவர்கள் அடும்பு என்று பாடியது அதனையே.

யூனானி மருத்துவத்தின் மருந்துப் பெட்டியில் இக்குடும்பத்துக்குத் தனி இடமே உண்டு. மலமிளக்கியாகப் பெயர் பெற்ற சக்மூனியா, நாம் சிவதை என்றும் அரபியர் துர்புத் என்றும் அழைக்கும் வேர், ஹப்புன் நீல் என்னும் கருவிதை, அஃப்தீமூன் என்னும் ஒட்டுண்ணிக் கொடி ஆகிய நான்கும் இந்த ஒரே குடும்பத்தின் வாரிசுகள். கி.பி. 1037இல் மறைந்த இப்னு ஸீனா தமது 'அல்கானூன்' நூலில் சக்மூனியாவையும் துர்புதையும் விவரித்திருக்கிறார். ஸ்பெயினின் மலாகாவில் பிறந்து 1248இல் டமாஸ்கஸில் மறைந்த இப்னுல் பைத்தார், ஊர் ஊராகச் சென்று செடிகளை நேரில் பார்த்து, முன்னோர் எழுதியவற்றோடு ஒப்பிட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருந்துப் பொருள்களைத் தொகுத்தார். ஒரே செடியின் வேர் ஒரு குணமும் விதை வேறொரு குணமும் உடையதாயிருக்கும் என்பது அப்பெருமக்களுக்குப் பாலபாடம். அந்தப் பாடத்தைத்தான் நாம் மறந்துவிட்டோம்.

தபாலில் திரும்பி வந்த விதை

நம் துணைக்கண்டத்தின் இக்கொடி, அதன் அழகுக்காக ஆப்பிரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள், ஹவாய் எனப் பல வெப்ப நாடுகளுக்குக் கொண்டு செல்லப்பட்டது. ஹவாயில் அதன் உலர்ந்த காய்களை மலர் அலங்காரத்துக்குப் பயன்படுத்தினர். 1965இல் அங்கு வளர்ந்த கொடியின் விதைகளை ஆராய்ந்த ஹைலின், வாட்சன் என்னும் இருவர், மூளையை மயக்கும் எர்காட் வகை வேதிப்பொருள்கள் அவற்றில் இருப்பதை 'சயன்ஸ்' ஆய்விதழில் வெளியிட்டனர். அதன்பின் போதை தேடுவோர் மத்தியில் விதைக்கு மதிப்பு ஏறிற்று. கொடிக்கும் ஹவாய் முத்திரை விழுந்தது. நம் வேலியில் கேட்பாரற்று உதிரும் விதை, அயல்நாட்டுப் பெயர் சூடி, விலையிட்ட பொட்டலமாகி, நம் பிள்ளையின் சட்டைப்பைக்குத் திரும்பி வந்த கதை இதுதான்.

எர்காட் என்றால் என்ன? கம்பு பயிரிடும் விவசாயிகளுக்கு அது புதிதல்ல. கதிரில் தேன்போல் ஒழுகி, பின் மணி இருக்க வேண்டிய இடத்தில் கறுத்த கட்டியாக இறுகும் பூஞ்சண நோய் உண்டல்லவா? அதற்காகத்தான் விதைக்கம்பை உப்புநீரில் இட்டு, மிதப்பவற்றை அரித்து எறிகிறோம். ஐரோப்பாவில் ரை என்னும் தானியத்தில் இதன் உறவான பூஞ்சணம் தோன்றும். அந்த மாவில் செய்த ரொட்டியை உண்டு விரல்கள் கருகி விழுந்தவர்களும் சித்தம் கலங்கியவர்களும் இடைக்காலத்தில் எண்ணற்றோர். அதே நஞ்சிலிருந்து பிரித்தெடுத்த எர்கோமெட்ரின், பிரசவத்துக்குப் பின் குருதிப் பெருக்கை நிறுத்தித் தாய்மார்களைக் காத்து வருகிறது. நஞ்சும் மருந்தும் அருகருகே இருப்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

ஸ்விட்சர்லாந்து நாட்டு வேதியியலாளர் ஆல்பர்ட் ஹோஃப்மன் இந்த எர்காட் பொருள்களை ஆராயும்போதுதான் 1938இல் எல்.எஸ்.டி.யை உருவாக்கினார், அதன் மயக்கும் தன்மையை 1943இல் தம் உடலிலேயே கண்டார். இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் எல்.எஸ்.டி.யைத் தடை செய்துள்ளது. பின்னர் மெக்சிகோவின் பழங்குடியினர் சடங்குகளில் உண்ட ஒருவகை விதை அவரிடம் வந்து சேர்ந்தது. அதுவும் நம் சமுத்திரப்பச்சையின் குடும்பத்தைச் சேர்ந்த கொடியின் விதையே. அதில் எல்.எஸ்.டி.க்கு நெருங்கிய உறவான லைசர்ஜிக் அமைடு இருப்பதை அவர் கண்டறிந்து, 1960இல் ஆஸ்திரேலியாவில் கூடிய அறிஞர் அவையில் அறிவித்தார். அவையினர் நம்பவில்லை. பூஞ்சணத்துக்கே உரிய பொருள் பூக்கும் கொடியில் எவ்வாறு வரும்? உம்முடைய ஆய்வுக்கூடத்தில் ஏதோ கலந்துவிட்டது என்றே ஐயுற்றனர்.

விடை கிடைக்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. இக்குடும்பத்துக் கொடியொன்றின்மீது ஜெர்மானிய ஆய்வாளர்கள் பூஞ்சணக்கொல்லி மருந்தைச் செலுத்திப் பார்த்தனர். கொடி பிழைத்தது, மயக்கும் பொருள் மறைந்துவிட்டது. இலையின்மேல் கண்ணுக்கு எளிதில் புலப்படாத பூஞ்சணம் ஒன்று குடியிருந்து அப்பொருளைத் தயாரித்துக் கொடுக்கிறது. தாய்க்கொடியிலிருந்து விதை வழியே சேய்க்கொடிக்கும் அது செல்கிறது. 2011இல் அதற்குப் பெரிகிளாண்டுலா என்று பெயரிட்டனர். 2025இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழக மாணவி ஒருவர், வீடுகளில் அழகுக்கு வளர்க்கும் நீலப்பூக் கொடியிலும் இத்தகைய பூஞ்சணத்தைக் கண்டறிந்தார். ஹோஃப்மன் தேடி அது அகப்படாமல் இருந்த கொடி அது. சமுத்திரப்பச்சையின் விதையில் உள்ள மயக்கமும் இவ்வகைப் பூஞ்சணத்தின் வேலையே என்று கருதப்படுகிறது. அன்று அவையினர் எழுப்பிய வினாவும் சரி, ஹோஃப்மன் கண்ட உண்மையும் சரி! படைத்தவனின் நுட்பத்தை எண்ணி ஸுப்ஹானல்லாஹ் என்று சொல்வதைத் தவிர வேறென்ன செய்ய?

இதைப் படித்துவிட்டுச் சர்க்கரைவள்ளிக் கிழங்கையோ வள்ளைக்கீரையையோ கண்டு அஞ்ச வேண்டாம். இக்குடும்பத்தின் இருநூறுக்கும் மேற்பட்ட இனங்களின் விதைகளைச் சோதித்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ நாலில் ஒரு பங்கில்தான் இப்பொருள்கள் காணப்பட்டன. நாம் உண்பவற்றில் அந்த அச்சம் இல்லை.

விதை செய்வது என்ன?

இணையத்தில் இவ்விதையை விற்போர் வண்ணக் கனவுகளைப் பற்றியே பேசுவார்கள். உண்டவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் வருவது குமட்டலும் வாந்தியும் வயிற்றுவலியும்தான். பின் உடல் ஓய்ந்து, கைகால் குளிர்ந்து, இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் மாறும். சிலருக்குக் கடும் அச்சமும், இல்லாததைக் காணும் பிதற்றலும் உண்டாகும். மனநோய்க் கூறு உள்ளவர்களுக்கு அது தூண்டுகோலாகிவிடலாம். எர்கோமெட்ரினும் இவ்விதையில் உள்ளதால் கர்ப்பிணிகளுக்கு இது பேராபத்து. கருப்பையைச் சுருங்கச் செய்யும்.

யாருக்கு என்ன நேரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் இயலாது. ஏற்கனவே இவ்விதையை உண்டு பழகியவர்களுக்குச் சம அளவில் கொடுத்து, வாகனம் ஓட்டும் திறனைச் சோதிக்க ஐரோப்பாவில் ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது. ஒருவருக்கு வெறும் களைப்பு, வேறொருவருக்குச் சித்தக் கலக்கம் என விளைவுகள் தாறுமாறாக இருந்ததால் அதைப் பாதியிலேயே நிறுத்த நேர்ந்தது. 2012இல் அச்செய்தி வெளியாயிற்று. அதற்கு இரண்டாண்டு முன்பு டென்மார்க்கின் தடயவியல் அறிஞர்கள் வெளியிட்ட அறிக்கை இன்னும் துயரமானது. சேர்ந்து இவ்விதையை உண்ட இரு இளைஞர்களுள் ஒருவர் மாடியிலிருந்து குதித்து உயிரிழந்தார். விதையின் நஞ்சைவிட அது கலைத்த அறிவே அந்த உயிரைக் குடித்தது.

எவரேனும் இதை உண்டது தெரிந்தால் திட்டுவதை ஒத்திவையுங்கள். மாடி, கிணற்றடி, சாலை ஆகியவற்றை விட்டு விலக்கி, வெளிச்சம் குறைந்த அமைதியான அறையில் துணைக்கு ஒருவர் இருக்க வேண்டும். வலிந்து வாந்தி எடுக்க வைக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மிச்ச விதையையும் கையோடு கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள். மானத்துக்கு அஞ்சி மறைத்தால் மருத்துவர் இருட்டில் துழாவ நேரிடும்.

செடிதானே, சாராயமா?

பிள்ளைகள் சொல்லும் வாதம் ஒன்று உண்டு. "இது அல்லாஹ் படைத்த செடி. புளிக்க வைத்ததும் இல்லை, காய்ச்சியதும் இல்லை. இது எப்படி ஹராமாகும்?" இக்கேள்வி புதுமையானது என்று அவர்கள் எண்ணுகிறார்கள். எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே எகிப்திலும் ஷாமிலும் கஞ்சா இலையை உண்டவர்கள் இதையே கேட்டார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் ஸர்கஷீ (ரஹ்) அவர்கள், 1392இல் மறைந்தவர்கள், அதற்கு விடையாகத் தனி நூலொன்றையே இயற்றினார்கள். மாலிக்கீ மத்ஹபின் இமாம் கராஃபீ (ரஹ்) அவர்களோ, மதியை மயக்குவது, உறங்க வைப்பது, உணர்வைச் சீர்குலைப்பது என்று பொருள்களை வகைபிரித்து, ஒவ்வொன்றின் சட்டத்தையும் ஆராய்ந்தார்கள். பொருள் திடமா திரவமா என்பதில் அவர்களின் பார்வை நின்றுவிடவில்லை. அறிவுக்கு அது என்ன செய்கிறது என்று கேட்டார்கள். மார்க்கம் காக்க வந்த ஐந்தினுள் அறிவும் ஒன்று என்று இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் எழுதியிருப்பது மதரஸா மாணவர் யாவரும் அறிந்ததே.

நம் பிரியாணிச் சட்டியிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. ஜாதிக்காய் மிகுதியானால் மயக்கம் தரும். ஆகவே இமாம் இப்னு ஹஜர் ஹைதமீ (ரஹ்) அவர்கள் அதனைக் கண்டித்துத் தீர்ப்பளித்தார்கள். அதே மத்ஹபின் இமாம் ரம்லீ (ரஹ்) அவர்கள், சிறிதளவு ஆகும், மிகுதி ஆகாது என்றார்கள். வாசனைக்குச் சுரண்டிப் போடும் துகளுக்கும், மயங்குவதற்கென்றே விழுங்கும் காய்க்கும் உள்ள வேறுபாட்டைப் பெரியவர்கள் இவ்வாறு எடைபோட்டார்கள். தபாலில் வந்த விதையில் இந்த எடைபோடலுக்கே இடமில்லை. வாசனைக்காக அதை யாரும் வாங்குவதில்லை. விரிவான விளக்கம் வேண்டுவோர் தங்கள் ஊர் ஆலிம்களை அணுகுக. நான் செடி கொடி அறிந்தவனேயன்றி ஃபத்வா வழங்கும் தகுதியுடையவன் அல்லன்.

இனி அந்தச் சகோதரியின் மகனுக்கு வருகிறேன். பொட்டலத்தை அடுப்பில் போட்டுவிடலாமா, அவனுடைய வாப்பாவுக்கு வெளிநாட்டுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடலாமா என்று அவர் பதறினார். இரண்டும் வேண்டாம், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அவனை என்னிடம் அனுப்புங்கள் என்றேன். வந்தான். தலையைக் குனிந்தபடியே நின்றான். விடுதியில் தூக்கம் வராத இரவுகள், தேர்வில் தவறிய பாடம், "இது செடிதானே" என்று ஊக்கிய நண்பர்கள் எனச் சிறிது சிறிதாகச் சொன்னான். உண்டாயா என்று கேட்டேன். ஒருமுறை உண்டு விடிய விடிய வாந்தி எடுத்தானாம். மிச்சத்தை எறிய மனமின்றி வைத்திருந்தானாம். தூக்கமின்மைக்கு மருத்துவரைப் பார்க்க ஒப்புக்கொண்டான். இத்தகைய சிக்கலில் உள்ள குடும்பங்களுக்கு 14446 என்ற அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் இருப்பதையும் குறித்துக்கொண்டான்.

பிறகு அவனைத் தோப்பு வேலிக்கு அழைத்துச் சென்றேன். காய்ந்த காயொன்றைப் பறித்து அவன் உள்ளங்கையில் உடைத்துக் காட்டினேன். உரோமம் போர்த்த பழுப்பு விதைகள். "இதுவா அது? இதற்கா நான் அவ்வளவு பணம் அனுப்பினேன்?" என்று சிரித்துவிட்டான், சிரிப்பின் நடுவே கண்ணும் கலங்கிற்று. இலையைத் திருப்பிக் காட்டி உம்மா கட்டிய வைத்தியத்தைச் சொன்னேன். வெட்டி எறிந்துவிடலாமே என்றான். வேண்டாம், தெருவில் கட்டி வந்த பிள்ளைகளுக்கு இன்றும் இலை பறித்துப் போகிறார்கள் என்றேன்.

பொட்டலத்து விதைகளைக் கொதிநீரில் இட்டு முளைப்பை அழித்துக் குழியில் மூடியாயிற்று. கொடி அங்கேயே இருக்கிறது. காய் முற்றும் பருவத்தில் ஊருக்கு வரும்போதெல்லாம் அவற்றைப் பறித்து அப்புறப்படுத்தும் பொறுப்பை அவனே கேட்டு வாங்கிக்கொண்டான்.